ஸ்டெம் செல்: தண்டா, குருத்தா?

கோவையில் ஒரு மருத்துவமனை வராந்தா. பேரனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய், அவன் அக்காவின் மஜ்ஜை (எலும்புக்குள் இருக்கும் மென்மையான பகுதி) பொருந்தியிருக்கிறது. கையில் ஒரு துண்டறிக்கையோடு அந்த அம்மிச்சி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க கண்ணு, தண்டுச் செல்லுன்னு போட்டிருக்குது. புள்ளையோட தண்டுவடத்துல ஊசி போட்டு உறிஞ்சுவாங்களா?"

அந்தப் பயத்துக்குக் காரணம் ஒரு சொல்தான். ஸ்டெம் என்றால் தண்டு என்று அகராதி பார்த்துப் பெயர்த்துவிட்டார்கள். தண்டு என்றதும் நம் காதில் விழுவது முதுகுத்தண்டு. உண்மையில் மஜ்ஜையை எடுப்பது இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து, மயக்கம் கொடுத்து. இல்லையென்றால் சில நாள் ஊசி போட்டு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை இரத்தத்துக்கு வரவைத்து, கை நரம்பு வழியாகப் பிரித்தெடுப்பார்கள். தண்டுவடத்தை யாரும் தொடுவதில்லை.

மூலச் சொல் ஜெர்மன் மொழியின் 'ஷ்டாம்ட்செல்லெ'. ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 1868இல் எழுதியது. 'ஷ்டாம்' என்றால் அடிமரம். குலம், வம்சம் என்றும் பொருள் உண்டு. எல்லா உயிர்களுக்கும் மூதாதையான ஓரணு உயிரைத்தான் அவர் முதலில் அப்படி அழைத்தார். அதாவது, கிளைகள் பிறக்கும் இடம் என்பதே கருத்து.

தமிழில் அதற்குக் குருத்தணு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்றும் தோன்றவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தென்னைக்கு ஒரே குருத்துதான். மட்டையும் அங்கிருந்துதான் வருகிறது, பாளையும் அங்கிருந்துதான். இத்தனையும் கொடுத்துவிட்டுக் குருத்து குருத்தாகவே இருக்கும். காண்டாமிருக வண்டு துளைத்தோ, அழுகல் நோய் வந்தோ அது செத்துவிட்டால், மரம் எவ்வளவு உயரம் நின்றாலும் போச்சு. குருத்தணுவின் இரண்டு குணங்களும் இவையே: தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும், வேறு வேறு அணுக்களாகவும் மாறும். மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்களிலிருந்துதான் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் பிறக்கின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் உடம்பு தினமும் ஏறத்தாழ 20,000 கோடி புதிய சிவப்பணுக்களை உண்டாக்கியாக வேண்டும்.

சரி, மஜ்ஜை? அது வடசொல். சித்த மருத்துவம் சொல்லும் ஏழு உடற்கட்டுகள் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் (பெண்ணுக்குச் சுரோணிதம்). என்புக்கு அடுத்து வரும் மூளை இந்த மஜ்ஜைதான். பழைய தமிழ்ப் பெயர் அது. ஆனால் இன்று எலும்பு மூளை என்று எழுதினால் இன்னொரு அம்மிச்சி பயந்துபோவார். மஜ்ஜையே இருக்கட்டும்.

செய்தித்தாளில் 'எலும்பு மஜ்ஜை மாற்று அறுவை சிகிச்சை' என்று வருகிறதே, அதை மட்டும் திருத்தியே ஆக வேண்டும். நோயாளியின் உடம்பில் கத்தி படுவதில்லை. முதலில் கடும் மருந்துகளால், சிலருக்குக் கதிர்வீச்சாலும், பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். அப்புறம் கொடையாளியின் குருத்தணுக்களை, இரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் போய்த் தங்கிவிடும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவருக்கு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தப் பையனுக்கு அக்கா பொருந்தியது பெரிய கொடுப்பினை.

வந்த அணுக்கள் அங்கே வேலை செய்யத் தொடங்குவதை டாக்டர்கள் 'என்கிராப்ட்மென்ட்' என்கிறார்கள். வயலில் நாற்று வேர்விட்டால் நாம் சொல்கிற 'பிடிச்சிருச்சு'தான் அது. பிடிப்பு என்றே எழுதலாம். அம்மிச்சியிடம் இதையெல்லாம் சொன்னதும், "புடிக்க எத்தன நாளுங்க ஆகும்?" என்றார். பெரும்பாலும் 2 முதல் 4 வாரம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளையணுக்கள் 500ஐத் தாண்டி, தொடர்ந்து 3 நாள் அப்படியே நின்றால், பிடித்துவிட்டது என்று கணக்கு.