ஈரத்துக்கு ஒரு சொட்டு போதும்

“ஆங்கிலத்தில் அப்சல்யூட்லி டெட் சரி, வெரி டெட் தப்பு. வெரி டால் சரி, அப்சல்யூட்லி டால் தப்பு. இரண்டுக்கும் ‘ரொம்ப’ என்றுதானே பொருள்? இதை யார் முடிவு செய்கிறார்கள்? எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் கோபமாகவே.

யாரும் முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு பண்புச்சொல்லுக்குள்ளும் ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கிறது. சில கோல்களுக்கு முனை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. வெரி என்பது கோலில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிவிடும் சொல். அப்சல்யூட்லி முனையைத் தொட்டுவிட்டதாக அறிவிக்கும் சொல்.

உயரத்துக்கு முனை கிடையாது. எவ்வளவு நெட்டையானவரைக் காட்டினாலும் அவரைவிட ஓர் அங்குலம் கூடியவரைக் கற்பனை செய்துவிடலாம். அதனால் டால் என்பது பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. பள்ளியில் நெட்டையனாக இருந்தவன் கூடைப்பந்து அணியில் குள்ளனாகிவிடுவான். இறப்போ பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து மாறுவதில்லை. ஹ்யூஜ், ஃப்ரீஸிங் போன்றவற்றுக்கு உண்மையில் முனை இல்லைதான். ஆனால் பேச்சில் அவற்றைக் கோலின் கோடிக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அதனால் அவற்றோடும் அப்சல்யூட்லி ஒட்டிக்கொள்கிறது.

அந்தச் சொல்லின் வேரே இதைத்தான் சொல்கிறது. லத்தீனில் ‘அவிழ்’ என்ற வினையிலிருந்து வந்தது அது. சிக்கலை அவிழ்த்தால் சால்வ், உப்பு நீரில் கட்டவிழ்ந்தால் டிசால்வ், பழியிலிருந்து ஒருவரை விடுவித்தால் அப்சால்வ். எதனோடும் கட்டப்படாமல் தனியே நிற்பது அப்சல்யூட். கெல்வின் 1848இல் முன்வைத்த ‘அப்சல்யூட்’ வெப்பநிலை அளவை பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். செல்சியஸின் சுழியம் நீர் உறைவதை வைத்து மனிதர்கள் இட்ட குறி. மைனஸ் 273.15இல் இருப்பது யாரும் இடாத குறி, கோலே அங்கே முடிந்துபோகிறது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். முனை இரண்டு பக்கமும் இருக்கலாம் அல்லவா? கொடியில் காயும் சட்டையை எடுத்துப் பாருங்கள். முதுகு காய்ந்துவிட்டது, கையும் காய்ந்துவிட்டது. கழுத்துப்பட்டையின் மடிப்பில் விரலை வைத்தால் சில்லென்கிறது. உடனே “இன்னும் காயலை” என்று மறுபடி கொடியில் போடுகிறோம். ஈரம் என்று சொல்ல அந்த ஒரு மடிப்பு போதும். காய்ந்தது என்று சொல்லவோ ஒரு நூல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. வெட், டிரை இரண்டும் ஒரே கோலில் இருக்கும் எதிர்ச்சொற்கள்தான். ஆனால் வெட் சுழியத்தைத் தாண்டினாலே நிறைவேறிவிடுகிறது. டிரை சுழியத்துக்கே வந்து சேர வேண்டும். கதவும் அப்படித்தான். ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் ஓப்பன்; குளோஸ்டு என்றால் அந்த இடைவெளியும் போயாக வேண்டும். பென்ட்டும் ஸ்ட்ரெயிட்டும், டர்ட்டியும் கிளீனும் இதே இரட்டையர்கள். அதனால்தான் ஸ்லைட்லி வெட் காதுக்கு இயல்பாக இருக்கிறது, ஸ்லைட்லி டிரை நெருடுகிறது.

இந்தக் கட்டமைப்பை மொழியியலாளர்கள் கிறிஸ்டோபர் கென்னடியும் லூயிஸ் மெக்நல்லியும் 2005இல் விரிவாக வகைப்படுத்தினார்கள். அதைவிட அழகு, 2010இல் வந்த ஒரு குழந்தைகள் ஆய்வு. இரண்டு குச்சிகளைக் காட்டி “அந்த நீளமானதைக் கொடு” என்றால், இரண்டுமே குட்டையாக இருந்தாலும், குழந்தை பெரியதை எடுத்து நீட்டிவிடும். இரண்டு வட்டுகள், இரண்டிலும் புள்ளிகள், ஒன்றில் மட்டும் அதிகம். “அந்தப் புள்ளி போட்டதைக் கொடு” என்றால் குழந்தைக்கு உடன்பாடில்லை. இரண்டிலும்தானே புள்ளி இருக்கிறது! எந்தச் சொல்லுக்கு ஒப்பிட வேண்டும், எதற்கு ஒப்பிடக் கூடாது என்பது மூன்று வயதிலேயே தெரிகிறது, இலக்கண ஆசிரியரைப் பார்க்கும் முன்பே. நாலு வட்டும் சில குச்சிகளும் வைத்து நடத்தக்கூடிய ஆய்வு. ஆனாலும் இப்படி ஒன்றுக்குப் பணம் கேட்டுப் பாருங்கள், “இதனால் என்ன பயன்?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். மூளை அளவை எப்படிக் கையாள்கிறது என்று தெரிவது பயன் இல்லையாம்.

முனைச்சொற்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் வம்பும் உண்டு. 1971இல் பீட்டர் அங்கர் என்ற தத்துவவாதி ஃபிளாட் என்ற சொல்லை எடுத்தார். மேசை தட்டையானதா? உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும். அப்படியானால் தட்டையான பொருள் என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. நிச்சயம் என்பதும் அதே ஜாதிச் சொல், நிச்சயம் இல்லாமல் ஒன்று ‘தெரியும்’ என்று சொல்ல முடியாது என்றார். ஆகவே யாருக்கும் அநேகமாக எதுவும் தெரியாது! சாமானியர்கள் அவ்வளவு கறார் இல்லை. வேலைக்குப் போதுமான தட்டை இருந்தால் தட்டை என்றே சொல்லிவிடுகிறோம். மோர் பெர்ஃபெக்ட் தவறு என்று அடித்துத் திருத்துவதும் என் பார்வையில் ஒரு மூடநம்பிக்கைதான். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முதல் வாக்கியத்திலேயே அது இருக்கிறது. முனைக்கு இன்னும் நெருக்கமாக என்று படித்தால் பொருள் தானாக வந்துவிடுகிறது.

தமிழும் இதே முனையைத்தான் பிடித்திருக்கிறது. முற்றிலும் என்பதில் இருப்பது முற்று, அதாவது முடிவு. அறவே என்பது அறு என்ற வேரிலிருந்து வருகிறது; லத்தீன்காரர் அவிழ்த்ததை நாம் அறுத்திருக்கிறோம். அப்புறம், வாசகர் எழுதிய அந்தச் ‘சுத்தமாக’. ஒரு புள்ளி அழுக்குகூட இல்லாததுதான் சுத்தம். புரிதல் துளியும் இல்லை என்று சொல்ல அவர் அதை எடுத்துக்கொண்டார். ‘ரொம்பச் சுத்தமாகப் புரியவில்லை’ என்று எழுத அவருக்குத் தோன்றியிருக்குமா?