அறுபது சதவீதம் என்றால் எத்தனை கிலோ?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிக் கேட்கப் போயிருந்தோம். "அறுபது சதவீதம் வரைக்கும் குறையும்மா" என்றார் டாக்டர். பெரியம்மா மகள் அக்கா போனை எடுத்து, மேசைக்குக் கீழே மறைத்தபடி கணக்குப் போட்டாள். 120 கிலோவில் 60 சதவீதம் போனால் மீதி 48. "கல்யாணத்தன்னிக்கே நான் 58டி" என்று என் காதில் சொன்னாள். வெளியே வந்து ஜூஸ் கடையில் நின்றபோதும் அந்த 48 அவள் முகத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன அறுபது, அதிகப்படி எடையில் அறுபது. அக்காவின் உயரம் 160 செ.மீ. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் எண்ணான பிஎம்ஐ 25 என்று வைத்தால், அந்த உயரத்துக்கு எடை 64 கிலோ வரும். அதற்கு மேலிருக்கும் 56 கிலோதான் அதிகப்படி. அதில் அறுபது சதவீதம் ஏறக்குறைய 34 கிலோ. ஆக, மிஞ்சுவது 86. மொத்த எடையில் 28 சதவீதம்தான் குறைகிறது. டாக்டர் மனசில் 86, அக்கா மனசில் 48. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை மருத்துவர்கள் இந்த அளவுகோலைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்ள வசதிதான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது கண்ணைக் கட்டி விடுவது மாதிரி.

இது அக்காவுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் பாஸ்டனில் இந்த அறுவைக்காகக் காத்திருந்தவர்களிடம் கேட்டு 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. உடல் எடையில் 38 சதவீதம் குறையும் என்று சராசரியாக எதிர்பார்த்தார்கள். 26 சதவீதமாவது குறையாவிட்டால் ஏமாற்றம்தான் என்றார்கள். நீண்ட நாள் கணக்கில் கிடைப்பது என்னவோ அந்த ஏமாற்றக் கோட்டை ஒட்டித்தான். 1987-இல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வில், பைபாஸ் என்ற வகை எடைக்குறைப்பு அறுவை செய்தவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் 32 சதவீதம் இறங்கி, பத்தாம் ஆண்டில் 25-இல் நின்றது. அதே ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பும் குறைவு. பலன் பெரியதுதான். ஆனால் மனசில் 48 இருந்தால் 86 தோல்வியாகத்தான் தெரியும்.

எண்ணை விடுங்கள், செய்யப்போவது என்ன என்பதே பலருக்குத் தெளிவில்லை. "கொழுப்பை உறிஞ்சி எடுப்பாங்களாம்" என்றார் பெரியம்மா. பைபாஸ் என்றதும் மாமா நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். இரண்டும் இல்லை. ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையை நெடுக்குவாட்டில் ஸ்டேப்ளரால் தைத்து, வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை அதனோடு நேராக இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியில் போகாது.

இடம் சின்னதாவதால் மட்டும் இளைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் வெளியே போவது அந்தப் பகுதிதான். சாப்பாடு சீக்கிரமே குடலுக்கு வந்து சேர்வதால், போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 அதிகம் சுரக்கிறது. சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்குவதில் இதற்கும் பங்குண்டு. நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம், பைபாஸ் பெரும்பாலும் குறைக்கும். அக்காவுக்குப் பத்து வருஷமாக நெஞ்செரிச்சல். ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

ஆபத்தைச் சொல்லும் விதமும் இப்படித்தான். "0.3 சதவீதம்" என்பது காதில் விழாமலே போகும். அமெரிக்காவில் இந்த அறுவை செய்துகொண்ட 4,776 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் அந்த அளவு. ஆயிரம் நாற்காலி போட்ட கல்யாண மண்டபத்தில் மூன்று நாற்காலி என்று நான் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணும் பண்ணாம இருந்தா எத்தனை நாற்காலி?" என்றாள். அந்தக் கேள்வியை எந்தப் படிவத்திலும் நான் பார்க்கவில்லை.

எனக்குக் கவலை அறுவை மேசையில் நடப்பதைவிட அடுத்த இருபது வருஷம்தான். பி12 சத்தை உடம்பு ஏற்க இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். அறுவைக்குப் பிறகு அது உணவோடு சேர்வது குறைந்துபோகும். ஆனால் கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான பி12 கையிருப்பு இருக்கும். அதனால் மாத்திரையை நிறுத்தியவருக்கு ஆறு மாதம் ஒன்றும் தெரியாது, ஒரு வருஷம் தெரியாது. "இது இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும். கால் மரத்துப்போகும்போது காலம் கடந்திருக்கும். பி1 இதற்கு நேர்மாறு. கையிருப்பு சில வாரம்தான். அறுவைக்குப் பிறகு விடாமல் வாந்தி வந்தால் அது தீர்ந்துபோய் மூளையையே பாதிக்கலாம். முதல் மாதத்து வாந்தியை "பழகிடும்" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இது.

சாப்பாட்டை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கச் சொன்ன டயட்டீஷியனைத்தான் எனக்குப் பிடித்தது. அக்கா ஒரு வாரம் அரை இட்லியை இருபது நிமிஷம் மென்றாள். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்பதால் ரசத்தை ஊற்றிப் பிசைந்து விழுங்குவது போயிற்று. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் என்றார்கள். முட்டை ஒன்றில் ஆறு கிராம், ஆக பத்து முட்டை. புரதப் பவுடர் ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது.

இனி கையெழுத்து. நம் ஊரில் படிவத்தில் கையெழுத்துப் போடுவது பல சமயம் புருஷனோ மகனோதான். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணின் வழக்கில் இதைத் தொட்டது. உள்ளே கருவியை விட்டுப் பார்க்கும் சோதனைக்குத்தான் அவர் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவசரம் இல்லாதபோது, சுயநினைவு திரும்பியதும் முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவருக்காக வேறொருவர் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். பலன், பெரிய ஆபத்துகள், மாற்று வழிகள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என எல்லாம் தெரிந்த பிறகு தருவதே சம்மதம் என்றும் சொன்னது. மாற்று வழி என்பது இன்று வெறும் நடைப்பயிற்சி இல்லை. எடையைக் குறைக்கும் டிர்செபடைட் என்ற ஊசி மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆய்வில் அதன் உயர்ந்த அளவில் 72 வாரத்தில் எடை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிறுத்தினால் எடை திரும்ப ஏறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாம் எல்லாரும் "சரிங்க டாக்டர்" என்றுதான் சொல்வோம். அதற்குப் பதில், கேட்டுக்கொண்டிருந்த நோயாளியையே திருப்பிச் சொல்ல வைக்கும் முறை ஒன்று உண்டு. அந்த டயட்டீஷியன் அதைத்தான் செய்தார். "வீட்ல அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க? இப்ப என்கிட்ட சொல்லுங்க" என்றார். அக்கா நாலு வாக்கியம் நன்றாகச் சொன்னாள். ஐந்தாவதில், "அப்புறம் 48 கிலோ ஆயிடுவேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் 120, 64, 56, 34, 86 என்று வரிசையாக எழுதிக் காட்டினார்.

அந்தக் காகிதம் இப்போது பெரியம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. 86-இல் முழங்கால் வலி எவ்வளவு குறையும், நெஞ்செரிச்சலுக்கு எந்த முறை என்று அடியில் இரண்டு கேள்விகளை அக்கா எழுதி வைத்திருக்கிறாள். தேதி இன்னும் குறிக்கவில்லை. ஊரில் பி12 ஊசி போட யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.