குளித்துவிட்டாலும், பத்து நாள் ஆனாலும் உரிமை போகாது

வியாசர்பாடியோ காசிமேடோ, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் நேராக ஸ்டேஷனுக்குப் போவது அபூர்வம். முதலில் குளிப்பாள், உடுத்தியிருந்ததைத் துவைத்துப் போடுவாள், நாலு நாள் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். சம்பவ நேரத்தில் உடம்பு மரத்துப்போய்க் குரலே வராமல் போவதும் சகஜம். பிறகு ‘ஏன் கத்தலை, ஏன் அன்னிக்கே சொல்லலை’ என்று வீட்டிலேயே குடைவார்கள். உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்கிறது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு. இந்தப் புகாருக்குக் காலக்கெடுவும் கிடையாது.

முதலில் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். ‘எஃப்ஐஆர் வாங்கிட்டு வாம்மா’ என்று திருப்பி அனுப்புவது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள் வரை நேரமுண்டு, சீக்கிரம் போட்டால்தான் பலன் அதிகம். ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் கொடுக்கத்தான் செய்யும். இப்போது வழக்கு வேண்டாம் என்றால் அதைச் சொல்லி எழுதவையுங்கள். அதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது.

பரிசோதனைக்கு அவள் சம்மதம் கட்டாயம். பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் சொல்லிவிட்டது. யாராவது முயன்றால் மறுக்கலாம்.

துணியில்தான் பலர் தவறுகிறார்கள். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூசணம் பூத்துத் தடயம் கெடும். துவைத்திருந்தாலும் கொடுங்கள், கறை முழுக்கப் போயிருக்காது. உடலிலிருந்து மாதிரி எடுக்க 96 மணி நேரம் வரை என்று கணக்கு. அதற்குப் பின்னும் காயங்களைப் பதிவு செய்வார்கள்.

ஸ்டேஷனில் ‘எங்க லிமிட் இல்ல’ என்றால், எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்ஐஆர் போடச் சொல்லுங்கள். எண்ணூரில் நடந்ததைத் தண்டையார்பேட்டையிலும் கொடுக்கலாம். பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை கடுங்காவல் உண்டு. விசாரணை வாக்குமூலத்துக்கு அவள் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ வந்து எழுத வேண்டும்.

கூடவர ஆளில்லையா? பெண்கள் உதவி எண் 181-க்கு அடித்தால், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் சகி மையத்தோடு இணைப்பார்கள். அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம். வக்கீல் எல்லாப் பெண்களுக்கும் இலவசம், வருமானச் சான்று தேவையில்லை. அதற்கு அழைக்கவேண்டிய எண் 15100.

நிவாரணம் தனி. தேசியச் சட்டப் பணிகள் ஆணையமான நல்சாவின் 2018 திட்டப்படி, பாலியல் வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இடைக்கால நிவாரணம் கேட்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மனு போடலாம். மனுவை பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்க வேண்டும். அங்கே முதலில் கேட்பது எஃப்ஐஆர் நகல். அது இலவசம், வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.