"அமுக்கி வைத்த கண்டுபிடிப்பு" என்று விற்கப்படும் பெட்டி

பிளக்கில் செருகினால் போதும், மின்கட்டணம் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டியைப் பினாங்கில் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நல்ல பொருள் ஏன் எல்லார் வீட்டிலும் இல்லை என்று கேட்டால், "பெரிய கம்பெனிகள் லாபம் போய்விடும் என்று அமுக்குகின்றன" என்பார் விற்பவர். பெட்டியை விட இந்தப் பதில்தான் வேகமாக விலை போகிறது.

அதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. 1924-இல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்தார்கள். ஒரு பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று வரம்பு கட்டி, அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதம் போட்டார்கள். பல்பின் இழைச் சூட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும், ஆனால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும். அதனால் 1,000 மணி நேர வரம்புக்கு ஓரளவு காரணம் உண்டு. அபராதத்துக்கு எந்த நியாயமும் இல்லை. ஃபிலிம் கம்பெனியான கோடாக்கின் கதையும் தெரிந்ததே: அங்கே வேலை செய்த ஸ்டீவன் சாசன் 1975-இலேயே டிஜிட்டல் கேமரா செய்து காட்டினார். ஃபிலிம் வருமானத்தை விட மனமில்லாத கம்பெனி தயங்கியது, மற்றவர்கள் முந்தினார்கள், 2012-இல் திவால் மனு.

இந்த இரண்டிலும் பொருள் வேலை செய்தது. நீண்ட நாள் பல்பு எரிந்தது, கேமரா படம் எடுத்தது. பெட்டியையும் அந்தத் தராசிலேயே வைப்போம்.

உள்ளே பெரும்பாலும் இருப்பது ஒரு கெப்பாசிட்டர், ஒரு சின்ன விளக்கு, சில ரெசிஸ்டர்கள். விற்பவர் ஒரு மோட்டாரை ஓடவிட்டு, வயரில் ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் மாட்டிக் காட்டுவார். 230 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.6 உள்ள மோட்டார் என்று வையுங்கள். 5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேர்த்ததும் மீட்டர் சுமார் 0.74 ஆம்பியருக்கு இறங்கும். கூட்டம் நம்பிவிடும். ஆனால் மோட்டார் தின்னும் மின்சாரம் முன்பும் 138 வாட், பின்பும் 138 வாட். வீட்டு மீட்டர் கணக்கிடுவது கிலோவாட் மணியை, ஆம்பியரை அல்ல. பில் அப்படியேதான் வரும்.

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஓர் எக்ஸ்டென்ஷனை மாட்டி, மேசை விசிறியை ஒரே வேகத்தில் ஓடவிட்டு வாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியை அதே எக்ஸ்டென்ஷனில் செருகி மறுபடி பாருங்கள். ஆம்பியர் மாறலாம், வாட் குறையாது.

இதே கெப்பாசிட்டர் வேலையைப் பினாங்கின் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் சுவிட்ச் அறைகளில் பெரிய அளவில் பார்க்கலாம். அங்கே பவர் ஃபேக்டர் 0.85-க்குக் கீழே போனால் மின் பில்லில் கூடுதல் கட்டணம் விழும், கெப்பாசிட்டர் அதைத் தடுப்பதால் பணம் மிச்சமாகும். வீட்டுக் கட்டணத்தில் அந்தப் பகுதியே கிடையாது. யாரும் அமுக்காமல் எல்லாருக்கும் விற்கப்படும் சாமான் இது.

பணம் போவதோடு நிற்பதில்லை. கெப்பாசிட்டரின் மின்சாரத்தை வடிக்கும் ரெசிஸ்டர் வைக்காத மலிவுப் பெட்டியைக் கழற்றி முனையைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து. தரமில்லாத கெப்பாசிட்டர் நாள் முழுக்க மின்சாரத்திலேயே இருந்தால் சூடேறி, ஊதி, தீப்பிடிக்கலாம். சிரிம் (மலேசியத் தரநிர்ணய நிறுவனம்) முத்திரை இல்லாததைச் சுவரில் மாட்டாதீர்கள்.

காரைத் தண்ணீரில் ஓட்டலாம் என்று விற்கும் கருவியும் இதே ரகம். 1 லிட்டர் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் குறைந்தது 4.4 யூனிட் ஆற்றல் வேண்டும். வரும் ஹைட்ரஜனை எரித்தால் அதற்கு மேல் எதுவும் திரும்பாது, வழியில் ஆல்டர்னேட்டரும் (காரில் மின்சாரம் தரும் கருவி) இஞ்சினும் பெரும்பகுதியை வீணாக்கிவிடும். காப்புரிமை இருக்கிறது என்று காட்டினாலும் மயங்க வேண்டாம். காப்புரிமை ஆவணம் யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணம், ரகசியமே அல்ல. பொருள் சொன்னபடி ஓடும் என்பதற்கு அது சான்றும் அல்ல.

உண்மையான அமுக்கலைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் பிரிண்டரைத் திறந்து பாருங்கள். வேறு கம்பெனி மை போட்டால் அடையாளம் கண்டு மறுக்க உதவும் சிப் பல பிரிண்டர்களின் மைக் கார்ட்ரிஜில் இருக்கும். பேட்டரி மாற்ற முடியாமல் ஒட்டப்பட்ட கைப்பேசியும், கம்பெனியின் மென்பொருள் அனுமதித்தால்தான் ஏற்கும் உதிரிப்பாகமும் இதே வகை. வாங்கும் முன்பே மாற்று மை கிடைக்குமா, பேட்டரி மாற்ற எவ்வளவு வெள்ளி என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கம்பெனிகள் கூடி விலை கட்டுவதையும், சந்தை பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் தடுக்க நம் நாட்டில் 2010 போட்டிச் சட்டம் இருக்கிறது.

பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி. ரசீதோடு "பாதியாகக் குறையும்" என்ற விளம்பரத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். விற்பனைப் பக்கம் மறைந்துவிட்டால் அந்த வாக்குறுதிக்கு வேறு சாட்சி இருக்காது.