தாரா சீறினால் உடனே மருந்து தேடாதீர்கள்

போன மாரியில் ஒருநாள் காலை, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு அம்மா உரப்பைக்குள் தாராவைக் கட்டி வைத்தியத்துக்காக என்னிடம் கொண்டுவந்தார். "நாலு நாளாச் சரியாத் தின்னுதில்ல மகள். கிட்டப் போனாச் சீறுது, கொத்த வருகுது. விசர் கிசர் பிடிச்சிருக்குமோ?" என்றார். முதல்நாள் வீட்டில் மிஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக் குளிசை ஒன்றையும் கரைத்துப் பருக்கியிருந்தார்கள்.

பையை அவிழ்த்ததும் தாரா செட்டையை விரித்து, உடம்பை ஊதிப் பெருப்பித்து என்னைப் பார்த்துச் சீறியது. மேசையில் அது கழித்த எச்சம் வழமையைவிடப் பலமடங்கு பெரிது. நாற்றத்தில் யன்னலைத் திறக்க வேண்டியிருந்தது. நெஞ்சுக்குக் கீழே பூமயிர் கழன்று வெறும் தோல் தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் நல்ல சூடு. "முட்டை எங்க கிடக்கு அம்மா?" என்று கேட்டேன். "மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால, வைக்கோலுக்குள்ள பதினொண்டு கிடக்கு."

அது அடைகிடக்கிற தாரா. நோய் எதுவும் இல்லை. விசர்நாய்க்கடி நோய் பாலூட்டிகளுக்குரியது, தாராவுக்கு அந்தப் பயமே வேண்டாம். முட்டை ஒன்றிரண்டு மணி நேரம் குளிர்ந்தால் கரு செத்துவிடாது, உடனே கொண்டுபோய் விடுங்கள் என்று அனுப்பினேன்.

இப்படி உரப்பைக்குள் வந்த அடைத்தாராக்களை, மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமுமான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முட்டைத் தொகை நிறைந்ததும் தாராவின் உடலில் புரொலக்டின் என்ற ஹோர்மோன் கூடுகிறது. முட்டையிடுவது நிற்கும், பசி குறையும், முட்டையைவிட்டு எழும்ப மனம் வராது. தன் பூமயிரைத் தானே பிடுங்கிக் கூட்டுக்கு மெத்தை போடும். வெறுந்தோல் முட்டையில் பட்டால்தான் சூடு நேராக இறங்கும். நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை, கால்மணி முதல் அரைமணி நேரம் வெளியே வந்து தின்று, அடக்கி வைத்திருந்த எச்சத்தைக் கழித்து, தண்ணீரில் முங்கி, ஈர நெஞ்சோடு திரும்பிப் போகும். அந்த ஈரம் முட்டை ஓட்டுக்கு நல்லது. ஆகவே அடைத்தாராவுக்கு அருகில் ஒரு அகன்ற பேசினில் தண்ணீர் வையுங்கள். கோழியின் கீழ் தாராமுட்டை வைப்பவர்கள், கோழி குளிக்காது என்பதால், இளஞ்சூட்டுத் தண்ணீரை இலேசாகத் தெளித்துவிடலாம்.

நாட்கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். சாதாரணத் தாராமுட்டை பொரிக்க 28 நாள். முகத்தில் சிவந்த சதைமுண்டுகள் உள்ள மஸ்கோவி இனத்துக்கு 35 நாள். முப்பதாம் நாளே கூழ்முட்டையென்று நினைத்து மஸ்கோவி முட்டைகளை வாவியில் எறிந்துவிட்டு வந்து என்னிடம் காரணம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் நாள் இருட்டில் கைத்தொலைபேசி வெளிச்சத்தை முட்டையில் பிடித்துப் பாருங்கள். சிலந்திக் கால்போல் இரத்த நாளங்கள் ஓடினால் கரு இருக்கிறது.

அடை வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. மூக்கில் இறகு குத்துவது, பட்டினி போடுவது எல்லாம் வதை. தாராவைத் தண்ணீரில் முக்குவதில் பயனும் இல்லை, அது அதன் வீடு. கம்பிவலைத் தரையுள்ள கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, வெளிச்சமான இடத்தில், வைக்கோல் எதுவும் போடாமல், தீனும் தண்ணீரும் தாராளமாக வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்றுப் பட்டால் அடைக்குணம் தணியும். ஆண் தாரா இல்லாத வீட்டில் இது அவசியம். கருவில்லாத முட்டைமேல் வாரக்கணக்கில் கிடந்து மெலிந்துபோன தாராக்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது குரல். "குவாக், குவாக்" என்று ஊரைக் கூட்டுவது பெண் தாரா. ஆணின் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இடப்பக்கமாக எலும்பாலான ஒரு குமிழ் உண்டு. அதனால் அதற்குக் கரகரத்த சன்னக் குரல்தான். தொண்டை கட்டிவிட்டது என்று ஆண் தாராவைத் தூக்கி வருபவர்களிடம் வாலில் சுருண்டிருக்கும் இறகைக் காட்டுவேன். மஸ்கோவியோ ஆணென்றால் சீறுவதே அதன் பேச்சு.

முட்டையிடும் பருவம் தொடங்குமுன் பெண் தாரா விடியலிலும் மைம்மலிலும் விடாமல் கத்தும். கூடு தேடுகிறது. மறைவான மூலையில் காய்ந்த வைக்கோல் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பக்கத்து வளவுக்காரருடன் வரும் மனத்தாங்கலும் குறையும். கூட்டத்தைப் பிரிந்த தாரா உரக்கத் தொடங்கிப் படிப்படியாக இறங்கும் குரலில் கூப்பிடும். எல்லாம் திடீரென உறைந்து, தலையைச் சரித்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தால் மேலே பருந்து. இரவில் கத்தினால் எழும்பிப் போய்ப் பாருங்கள்: மரநாயாக இருக்கலாம், பாம்பாக இருக்கலாம்.

நான் கவலைப்படும் குரல்கள் வேறு. உரத்துக் கத்திய பெண் தாரா கரகரக்கத் தொடங்கி, வாயைத் திறந்து மூச்சிழுத்தால் பூஞ்சணம் நெஞ்சுக்குள் போயிருக்கக்கூடும். மாரியில் நனைந்து பூத்த வைக்கோலை அடைக்கூட்டில் போடுவதால் வருவது இது. வந்தபின் குணமாக்குவது கடினம், ஆகவே வைக்கோலை முகர்ந்து பார்த்துப் போடுங்கள். கழுத்துத் தொய்ந்து, காலிழுத்துச் சத்தமின்றிக் கிடந்தால் அழுகிய குட்டைத் தண்ணீரின் நஞ்சாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம். வாலை ஆட்டி ஆட்டி முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். கை நீட்டினால் அடைத்தாரா சீறிப் பாயும். நோய்த்தாரா கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். மிஞ்சிய குளிசையைக் கரைத்துப் பருக்கினால் அந்த மருந்து முட்டையில் இறங்கிப் பிள்ளைகளின் வயிற்றுக்கும் போகும். அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அந்த அம்மா அடையின் இருபத்தாறாம் நாள் போனில் கோல் எடுத்தார். "முட்டைக்குள்ள கீச்சுக் கீச்செண்டு கேட்குது மகள். பாவம், உடைச்சு விடவா?"

"உடைக்காதீங்க அம்மா" என்றேன். அந்த நேரத்தில் குஞ்சு முட்டையின் காற்றறைக்குள் அலகை நீட்டி மூச்சுவிடத் தொடங்கியிருக்கும். ஓட்டின் உட்பக்கத்தில் இன்னும் இரத்தம் ஓடும், மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் முழுதாக இழுபட்டிருக்காது. அவசரப்பட்டு உடைத்தால் இரத்தம் பெருகிச் செத்துப்போகும். குஞ்சுகள் ஒன்றின் குரலை ஒன்று கேட்பதும் வீணல்ல. கில்பர்ட் கோட்லீப் என்ற அமெரிக்க ஆய்வாளர் முட்டைக்குள் குரலே கேட்காதபடி செய்த தாராக்குஞ்சுகள், பொரித்தபின் தம் இனத் தாயின் அழைப்பை மற்றப் பறவைகளின் அழைப்பிலிருந்து சரியாகப் பிரித்தறியவில்லை.

இவ்வளவையும் தொலைபேசியில் சொல்லவில்லை. "தாயும் ஏதாவது சொல்லுதா?" என்று மட்டும் கேட்டேன். அவர் போனைக் கூட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். என்னைப் பார்த்துச் சீறிய அதே தாரா, தொண்டைக்குள்ளேயே மெல்ல மெல்ல எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. இடையிடையே முட்டைக்குள்ளிருந்து பதில் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஏழு குஞ்சு இறங்கின.