ரெஃபரெண்டம்: ஊட்டுல கேட்டுச் சொல்றமுங்க

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. திருப்பூரில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பனியன் கம்பெனிக்குப் பத்து மணி டீ வருவதற்குள் பிரிட்டனின் முடிவு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1. நூறு ரூபாயை ஒட்டி நின்ற பவுண்ட் ஆறேழு ரூபாய் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள் ஆளுக்கொரு மூலையில் போனும் கையுமாக நின்றார்கள்.

டீக்காரர் தூக்குப்போசியை இறக்கி வைத்துவிட்டு, "எலக்சன்ல ஆருங்க ஜெயிச்சது?" என்றார்.

"எலக்சன் இல்லீங்கண்ணா, ரெஃபரெண்டம். நம்ம பாசையில கருத்துக் கணிப்பு" என்றார் மேனேஜர்.

"வெறுங் கணிப்புக்கா இத்தன பாடு?"

அவர் கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. கருத்துக் கணிப்பு என்பது சில ஆயிரம் பேரைக் கேட்டு ஊர் மனசை ஊகிப்பது. பலித்தாலும் பலிக்கும், பொய்த்தாலும் பொய்க்கும். ரெஃபரெண்டம் ஊகம் இல்லை. ஓட்டுரிமை உள்ள எல்லாரிடமும் ஒரே கேள்வியை வைத்து, ஆமாம் இல்லை என்று எண்ணிப் பார்ப்பது. இதற்குத் தமிழில் பொது வாக்கெடுப்பு என்பதே சரி.

இந்தக் குழப்பத்துக்கு மேனேஜரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1967 ஜனவரி 16-இல் கோவாவை மகாராஷ்டிரத்தோடு சேர்ப்பதா வேண்டாமா என்று மக்களிடம் ஓட்டு வாங்கினார்கள். நடந்தது முழுப் பொது வாக்கெடுப்பு. அரசு வைத்த பெயரோ 'ஒப்பீனியன் போல்', அதாவது கருத்துக் கணிப்பு. சேர்ப்பதற்குப் பூ, தனியாக இருப்பதற்கு இரட்டை இலை. (அ.தி.மு.க. பிறக்க இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.) 34,021 ஓட்டு வித்தியாசத்தில் இலை ஜெயித்தது.

அப்புறம் சொல்லின் வேர். லத்தீனில் 'ரெ' என்றால் திரும்ப, 'ஃபெர்ரே' என்றால் கொண்டுபோதல். ரெஃபரெண்டம் என்றால் திரும்பக் கொண்டுபோய்க் கேட்க வேண்டியது. பழைய சுவிட்சர்லாந்தில் மாநிலப் பிரதிநிதிகள் பொதுச்சபைக்கு வருவார்கள். தங்களுக்கு அதிகாரம் இல்லாத விஷயம் வந்தால் உடனே தலையாட்ட மாட்டார்கள். 'அட் ரெஃபரெண்டம்', ஊரில் கேட்டு வந்து சொல்கிறோம் என்று எழுந்துவிடுவார்கள்.

நம் பக்கம் பெண் பார்க்கப் போனவர்கள் சொல்வதும் இதேதான். காப்பி குடித்து, பலகாரம் தின்று, எல்லாம் பிடித்துப்போனாலும் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊட்டுல கேட்டுச் சொல்றமுங்க" என்பார். லத்தீனை இதைவிடச் சுருக்கமாக மொழிபெயர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இலங்கைத் தமிழில் 'சர்வசன வாக்கெடுப்பு', 'மக்கள் தீர்ப்பு' இரண்டும் உண்டு. மக்கள் தீர்ப்பு அழகான சொல்தான். ஆனால் இங்கே தேர்தல் முடிவு வந்த மறுநாள் தோற்றவரும் ஜெயித்தவரும் 'மக்கள் தீர்ப்பை ஏற்கிறோம்' என்கிறார்கள். அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. இலங்கையில் 1982 டிசம்பர் 22-இல் நடந்த வாக்கெடுப்பு, தேர்தலே வைக்காமல் நாடாளுமன்றத்தை இன்னும் ஆறாண்டு நீட்டிக்கலாமா என்று கேட்டது. சரி என்றால் விளக்கு, வேண்டாம் என்றால் குடம். விளக்கு ஜெயித்தது.

குடம் என்றதும் சிலர் குடவோலையை இழுத்து வருவார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பது ஓட்டெடுப்பு இல்லை. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது சீட்டுக் குலுக்கல். காங்கேயம் பக்கத்தில் சிவன்மலையில் பக்தர் கனவில் வந்த பொருளை உத்தரவுப் பெட்டியில் வைக்கலாமா என்று சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. குடவோலை அதற்குத்தான் சொந்தம். அதில் யாருடைய மனசையும் எண்ணுவதில்லை.

சிவப்பு வந்தால் மனசு கேட்காமல் "இன்னொருக்கா போட்டுப் பாருங்க" என்பவர்களும் நம் கோயில்களில் உண்டு. பிரிட்டனிலும் அதுதான் நடந்தது. மறுபடி வாக்கெடுப்பு வேண்டும் என்று 41 லட்சம் கையெழுத்துக்கு மேல் விழுந்தது, அரசு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 13-இல் டேவிட் கேமரன் போய் தெரசா மே பிரதமரானார். அவர் ஒன்றியத்தில் இருக்கலாம் என்ற பக்கம் நின்றவர். வெளியேற வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்த போரிஸ் ஜான்சன் வெளியுறவு அமைச்சர். வெளியேறும் வேலைக்கென்றே ஒரு புதுத் துறை; அதற்கு டேவிட் டேவிஸ். மறுநாள் இதை டீக்காரருக்குச் சொன்னபோது டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது.

"பொண்ணு வேண்டாமுன்ன சித்தப்பங்கிட்டக் கல்யாணப் பொறுப்பு. ஒறவே வேண்டாமுன்னவரு பந்தி விசாரிக்கறாரு. நல்லாருக்குதுங்க."

சட்டப்படி அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது, யோசனை கேட்டதுதான். முடிவை நிறைவேற்றுவோம் என்று அரசு வாக்குக் கொடுத்திருந்ததால் விலகித் தப்ப முடியவில்லை. 2017 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வெளியேறும் அறிவிப்பை அனுப்பும் முன் நாடாளுமன்றத்தில் சட்டம் போட வேண்டும் என்றது. ஊரில் கேட்டு வந்த பதில் மறுபடி சபைக்கே போனது.

எங்கள் கம்பெனிக் கதையும் அதே போக்குத்தான். பவுண்ட் விழுந்த வாரம் குழந்தைகள் டி-சர்ட் ஆர்டருக்குப் பழைய விலையே நிற்குமா என்று சரக்கு வாங்கும் லண்டன் கம்பெனிக்கு மெயில் போட்டோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: ஹெட் ஆபீசில் கேட்டுச் சொல்கிறோம்.