பறங்கிப்பட்டை எந்தக் கொடியின் கிழங்கு?

நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை கேட்டால் கைக்கு வருவது ஒரு கிழங்கு. கனமானது, முண்டும் முடிச்சுமானது, பழுப்பில் லேசான சிவப்பு ஓடியது. சில கடைகளில் அதையே வில்லைகளாகச் சீவி வைத்திருப்பார்கள். மருதம்பட்டை, வேப்பம்பட்டை போல எந்த மரத்திலிருந்தும் உரித்ததில்லை. ஒரு கொடியின் அடியில், மண்ணுக்குள் இஞ்சி போலப் படுத்துக் கிடக்கும் தண்டு அது. பள்ளிப் புத்தகம் மட்டநிலத்தண்டு என்று சொல்லும் வகை. பறங்கியர் நாட்டில் விளைவதும் இல்லை. விளைவது சீனத்திலும் அதை ஒட்டிய நாடுகளிலும். ஆக, பெயரின் இரண்டு பாதிகளுமே பொருளைச் சுட்டவில்லை. இப்படிப்பட்ட பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது?

முதலில் 'பறங்கி'. ஐரோப்பாவின் ஃபிராங்க் இனத்தார் பெயரை அரபியர் மேற்கு ஐரோப்பியர் எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். பாரசீகத்தில் அது ஃபரங்கி ஆனது, தமிழ் வாயில் பறங்கி ஆனது. நம் கரைக்கு முதலில் வந்து இறங்கிய ஐரோப்பியர் போர்த்துகீசியர் என்பதால் அவர்களுக்கே அந்தப் பெயர் உரியதாயிற்று. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய் எல்லாம் அந்த வழி வந்தவை. இலங்கையில் பறங்கியர் என்றால் இன்றும் ஒரு சமூகத்தின் பெயர். (இணையத்தில் பறங்கிப்பட்டை என்று தேடினால் பாதி முடிவுகள் கடலூர் மாவட்டத்துத் துறைமுக ஊரைக் காட்டும். அது பேட்டை, இது பட்டை.)

இந்தக் கிழங்குக்குப் பறங்கிப் பெயர் வந்ததற்கு இரண்டு வழிகள் சொல்லலாம். ஒன்று, பறங்கியர் கப்பலில் கொண்டுவந்த சரக்கு. இன்னொன்று, பறங்கிப்புண்ணுக்குக் கொடுத்த மருந்து. பறங்கிப்புண் என்பது சிஃபிலிஸ். 1495இல் நேப்பிள்ஸ் முற்றுகையின்போது ஐரோப்பாவில் வெடித்துக் கிளம்பிய நோய் அது. இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு இந்தியாவில் அது பறங்கியர் நோய். சீனத்தின் வடபகுதியில் அது குவாங்துங் புண். ஜப்பானில் சீனப் புண். எந்த ஊரும் அதைத் தன் நோய் என்று ஒப்புக்கொள்ளவில்லை. 16ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத ஆசிரியர் பாவமிசிரர் பாவப்பிரகாசம் என்ற தம் நூலில் இதை ஃபிரங்க ரோகம் என்றே குறிக்கிறார். அதற்கு மருந்தாக 'த்வீபாந்தர வசா' என்ற ஒன்றைச் சொல்கிறார். வேறு தீவிலிருந்து வந்த வசம்பு என்று பொருள். வசம்புக்கும் இதற்கும் உறவில்லை. கடல் கடந்து வந்த ஏதோ ஒரு கிழங்கு என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை.

இரண்டில் எது சரி என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்றில்லை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியே நடந்தவை. நோயைக் கொண்டுவந்த அதே கப்பல்கள் சில பத்தாண்டு கழித்து மருந்தையும் கொண்டுவந்தன. கோவாவில் மருத்துவம் பார்த்த கார்சியா த ஒர்த்தா, 1563இல் அங்கேயே அச்சான தம் உரையாடல் நூலில் இந்தச் சீன வேருக்குத் தனியாக ஓர் உரையாடலே ஒதுக்கியிருக்கிறார். அதுவரை இருந்த முக்கிய வைத்தியம் பாதரசம். பல் ஆடும், எச்சில் ஒழுகும், சிலர் நோய்க்குப் பதில் மருந்துக்கே பலியானார்கள். காய்ச்சிக் குடித்தால் போதும் என்ற கிழங்குக்கு அந்த நிலையில் எவ்வளவு மவுசு இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தம் கீல்வாதத்துக்கு இதைக் குடித்தார். அவருடைய மருத்துவர் வெசாலியஸ் 1546இல் இந்த வேரைப் பற்றி ஒரு நீண்ட கடிதத்தை நூலாக வெளியிட்டார். தலைப்பில்தான் வேர், உள்ளே பெரும்பகுதி பண்டைய கிரேக்க மருத்துவர் காலெனின் உடற்கூற்றியலோடு அவர் போட்ட சண்டை.

மற்ற மொழிகள் இதற்கு என்ன பெயர் வைத்தன என்று பார்த்தால் தமிழின் போக்கு தெரியும். பாரசீகத்தில் சோப்-இ-சீனி, சீனக் கட்டை. இந்தியில் அதுவே சோப்சீனி. மலையாளத்தில் சீனப்பாவு. போர்த்துகீசியரும் சீனத்தின் கட்டை, சீனத்தின் வேர் என்றே சொன்னார்கள். இவர்கள் எல்லாரும் விளைந்த நாட்டைச் சொல்ல, தமிழோ இடையில் வந்த பறங்கியைப் பிடித்துக்கொண்டது. 1813இல் சென்னையில் வெளியான தம் மருந்துப் பொருள் நூலில் படை மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லி தமிழ்ப்பெயராகப் பறங்கிப்பட்டையையே தருகிறார். அதற்குள் பெயர் நன்றாக ஊறிவிட்டது. 'பட்டை' எப்படி வந்தது என்பதற்குச் சோப் என்ற பாரசீகச் சொல் ஒரு தடயம் ஆகலாம். கட்டை என்று கேள்விப்பட்ட சரக்கு, தட்டையாகச் சீவிக் காய்ந்து மூட்டையில் வருகிறது. கடைக்காரர் அதைப் பட்டை என்று கூப்பிட்டிருப்பார். இது என் ஊகம்.

இனி, கொடி எது என்ற கேள்வி. நம் மருந்து நூல்கள் ஒரே குரலில் ஸ்மைலாக்ஸ் சைனா என்கின்றன. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். சீன வேர் சீனக் கொடியிலிருந்துதானே வரவேண்டும் என்ற கணக்கில் அது இயல்பாகப் பொருந்திவிடுகிறது. ஆனால் சீனத்து மருந்துக் கடையில் போய்க் கேட்டால் கணக்கு இடிக்கும். அங்கே ஸ்மைலாக்ஸ் சைனாவின் கிழங்குக்குப் பெயர் பாச்சியா. பறங்கிப்புண்ணுக்குப் புகழ்பெற்ற கிழங்கு வேறொன்று: தூ-ஃபூலிங். அது ஸ்மைலாக்ஸ் கிளாப்ரா என்ற, முள்ளில்லாத கொடியின் கிழங்கு. இன்றைய சீன அரசு மருந்து நூலில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள்.

தூ-ஃபூலிங் என்ற பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. வெறும் ஃபூலிங் என்பது பைன் மர வேரில் வளரும் ஒரு காளானின் கட்டி, கொடியே இல்லை. தூ என்றால் மண், உள்ளூர். நாம் நாட்டுக்கோழி என்பதுபோல் அவர்கள் 'நாட்டு ஃபூலிங்' என்றார்கள்: வெள்ளையாக, மாவாக, காளான் கட்டி போலத் தோன்றும் உள்ளூர்ச் சரக்கு. சீன மருந்துப் பெயர்களில் இந்த முன்னொட்டுகளைக் கவனிக்காமல் ஒன்றும் நடக்காது. ச்சுவான் என்றால் சிச்சுவான் மாகாணம், குவாங் என்றால் குவாங்துங், குவான் என்றால் வடகிழக்கின் பெருஞ்சுவர்க் கணவாய்க்கு அப்பால். சில இடங்களில் முன்னொட்டு தரத்தைச் சொல்லும். சில இடங்களில் செடியே வேறு என்று சொல்லும்.

கோவாவுக்கு வந்தது இவற்றில் எது? ஒர்த்தா ஒரு சொல்லை விட்டுச் சென்றிருக்கிறார். சீனர்கள் இந்த வேரை 'லம்பாத்தம்' என்கிறார்கள் என்று எழுதுகிறார். சீன மருத்துவர் லீ ஷிஜென் 1578இல் முடித்து, அவர் மறைந்தபின் 1596இல் அச்சான பென்சாவ் காங்மூ என்ற பெருநூலில் தூ-ஃபூலிங்கின் மாற்றுப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன: கட்டிச் சோறு, மலை நிலக் கஷ்கொட்டை, தேவர் விட்டுப்போன தானியம், காட்டுப்பன்றி விட்டை. அவற்றுள் ஒன்று, 'ஆறிய சோற்று உருண்டை'. அதைத் தென்சீனத்துக் கான்டன் பேச்சில் சொன்னால் ஏறக்குறைய லாங்-ஃபான்-த்யூன். போர்த்துகீசியக் காதில் அது லம்பாத்தம் ஆவதற்கு அதிக தூரம் இல்லை. பஞ்சத்தில் மக்கள் தோண்டித் தின்ற மாவுக் கிழங்கு என்பதால்தான் இத்தனை சோற்றுப் பெயர்கள். லீ ஷிஜென் இன்னொன்றும் சொல்கிறார்: முன்னோர் இதை மருந்தாக அறியவில்லை, ஹோங்ஜி, ஜெங்தே ஆண்டுகளில், அதாவது 1488க்கும் 1521க்கும் இடையில், புண்நோய் பரவியபோது மக்கள் ரசகற்பூரம் போன்ற பாதரச உப்பைத் தின்று எலும்பில் நஞ்சேறிக் கிடந்தார்கள், அதன் பிறகே இந்தக் கிழங்கு தலைமை மருந்தாயிற்று. நோயும் காலமும் பெயரும் ஒன்றுகூடி ஸ்மைலாக்ஸ் கிளாப்ராவைத்தான் காட்டுகின்றன.

இதற்கு 19ஆம் நூற்றாண்டிலும் ஒரு சாட்சி கிடைக்கிறது. கான்டன் அருகே வாம்போவாவில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த தாவரவியலாளர் ஹென்றி ஹான்ஸுக்கு 1870களின் தொடக்கத்தில் சீன வேரின் உயிருள்ள கொடி ஒன்று கிடைத்தது. ஆராய்ந்தால் அது கிளாப்ரா. அந்த இனத்துக்குப் பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, சென்னை மாகாணத்தில் மருத்துவராகத் தொடங்கிக் கல்கத்தா பூங்காவின் தலைவரான வில்லியம் ராக்ஸ்பர்க்தான். கிளாப்ரா வடகிழக்கு இந்திய மலைகளிலும் வளர்கிறது. அதன் கிழங்கைச் சீன வேரிலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்று அவரே குறித்திருக்கிறார். ஆகவே கப்பலில் வந்ததோ, அஸ்ஸாம் பக்கமிருந்து லாரியில் வந்ததோ, பறங்கிப்பட்டை என்ற பெயருக்குள் குறைந்தது இரண்டு கொடிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

முழுக்கிழங்கைப் பார்த்துப் பிரிப்பது கடினம். வில்லையில் கொஞ்சம் எளிது. தூ-ஃபூலிங் வில்லை வெளிறிய வெண்மையாகவோ வெளிர்ச் செம்பழுப்பாகவோ இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னும். ஒடித்தால் மாவு பறக்கும். விரலை நனைத்துத் தேய்த்தால் வழுக்கும். பாச்சியா வேறு மாதிரி: கல் போலக் கடினம், ஒடிக்க வராது, வெட்டிய முகம் செம்பழுப்பாக நார் தெரிய இருக்கும், மேலே கூம்பு கூம்பாகப் புடைப்புகளும் அறுந்த வேர்களின் முள் போன்ற அடிகளும் நிற்கும். வாயில் வைத்தால் லேசாகத் துவர்க்கும். சூரணமாகப் பொடித்துவிட்டால் இதெல்லாம் போயிற்று. அப்புறம் நுண்ணோக்கியும் வேதிச் சோதனையும் மரபணுக் குறியீடும்தான். லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 1998இல் பெய்ஜிங்கின் மருந்துச் செடி ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து சீன மூலிகைகளை அடையாளம் காணவென்றே ஒரு மையம் தொடங்கியது.

இந்த இரண்டு ஸ்மைலாக்ஸ் கிழங்குகள் மாறிப்போனால் பெரிய கேடு வந்துவிடாது. செய்யும் வேலையில் இரண்டும் அதிகம் விலகவில்லை என்று லீ ஷிஜெனே எழுதியிருக்கிறார். ஆனால் எல்லாப் பெயர்க் குழப்பமும் இப்படிச் சமர்த்தாக முடிவதில்லை. ஃபாங்ஜி என்றொரு மருந்து. ஃபென்-ஃபாங்ஜி என்பது ஸ்டெஃபானியா என்ற கொடி. நம் சீந்திலின் குடும்பம். குவாங்-ஃபாங்ஜி என்பது அரிஸ்டலோகியா. நம் ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலியின் இனம். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய வைக்கும் சிகிச்சை மையம் ஒன்றின் மாத்திரையில் ஸ்டெஃபானியா இருக்கவேண்டிய இடத்தில் அரிஸ்டலோகியா போய் உட்கார்ந்தது. இளம் பெண்கள் பலர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். 1993இல் பெல்ஜிய மருத்துவர்கள் அதை லான்செட் இதழில் எழுதினார்கள். பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூறைத் தாண்டியது, சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அரிஸ்டலோகிக் அமிலம் இன்று உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் இருக்கிறது. குவாங்-ஃபாங்ஜி 2005 சீன அரசு மருந்து நூலிலிருந்து நீக்கப்பட்டது. விற்றவர், வாங்கியவர், எழுதிக் கொடுத்தவர் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஃபாங்ஜி; விடுபட்டது முன்னொட்டு.

தமிழில் எழுதும்போது என்ன செய்வது? பறங்கிப்பட்டை என்ற பெயரை மாற்றத் தேவையில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான வயது அதற்கு இருக்கும். சித்த மருத்துவரும் கடைக்காரரும் புரிந்துகொள்வார்கள். 'சீன வேர்' என்று புதிதாக மொழிபெயர்ப்பதால் ஒரு லாபமும் இல்லை. அது வேரும் இல்லை. கட்டுரையிலோ மருந்துச் சீட்டிலோ இனத்தைச் சுட்டவேண்டி வந்தால் பறங்கிப்பட்டை, கிளாப்ரா வகை என்றோ பறங்கிப்பட்டை, சைனா வகை என்றோ பிரித்து எழுதலாம். தூ-ஃபூலிங் பற்றிய சீன நூலைத் தமிழாக்கும்போது பறங்கிப்பட்டை என்றே போடலாம். ஃபூலிங் என்று மட்டும் வந்தால் போடக் கூடாது, அது காளான்.

இன்று அதிகம் கண்ணில் படும் பிழை வேறு. தூ-ஃபூலிங்கை ஆங்கிலத்தில் சீன சர்சபரில்லா என்று எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பவர் அகராதியைப் புரட்டுகிறார். சர்சபரில்லாவுக்கு நேரே நன்னாரி என்றிருக்கிறது. சீன நன்னாரி பிறந்துவிடுகிறது. அசல் சர்சபரில்லா அமெரிக்காவின் ஸ்மைலாக்ஸ் கொடிகளின் வேர். நன்னாரியை இந்திய சர்சபரில்லா என்று ஐரோப்பியர் அழைத்தது வேரின் உருவையும் பயனையும் பார்த்து. தாவர உறவில் அது எருக்கஞ்செடியின் குடும்பம். ஆகவே தோல்நோய்க்குச் சீன நன்னாரிப் பொடி என்று எங்காவது படித்தால் நன்னாரி வாங்கப் போகவேண்டாம். கடையில் கேட்கவேண்டியது பறங்கிப்பட்டை. ஒடித்து, மாவு பறக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.